ஜெனரல் வீட்டைப் பற்றி விசாரிக்கப் போன சனிக்கிழமை

விமானப்படையில் ஜெனரல் என்று ஒரு பதவியே கிடையாது. இதை எனக்குச் சொன்னவர், எங்கள் கடைக்குப் பக்கத்து ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவக்காரர். "யக்கா, ஜெனரல்ங்கறதெல்லாம் ஆர்மியில. ஏரோப்ளேன் ஓட்டுறவகளுக்கு அந்தப் பேரே கெடையாது. எவனோ நல்லா அளந்து விட்டுருக்கான்" என்றார். எனக்கு அது போதும். என் மகளுக்கு அப்போது வந்திருந்த வரன், குச்சனூர்ப் பக்கம் 'ஜெனரல் வீடு' என்று ஊரே கூப்பிடுகிற வீட்டுப் பையன். மாட்டு டாக்டர். அவனுடைய தாத்தா போர் விமானம் ஓட்டியவர், பங்களாதேஷ் சண்டையில் குண்டு போட்டுவிட்டு வந்தவர், பிறகு டெல்லியில் பெரிய ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கே திரும்பியவர் என்று தரகர் மூச்சு விடாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தரகர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பது என் வழக்கம். இந்தத் தடவை முழுவதையும் கழித்தேன். "அந்த வீட்டுக்குள்ள போயிருக்கீகளா? சுவத்துல ஒரு யூனிஃபார்ம் போட்டோவாச்சும் மாட்டியிருக்காகளா?" என்று கேட்டதற்கு, அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்படி ஒண்ணும் கண்ணுல படலக்கா, சாமி படந்தான் இருந்துச்சு" என்றார். கல்யாணத்தில் எடுத்த போட்டோவையே ஹாலில் ஆளுயரத்துக்கு மாட்டுகிற ஊர் இது. ஏரோப்ளேன் ஓட்டியவன் ஒரு படம்கூட மாட்டாமல் இருப்பானா?

தேனி பஜாரில் நான் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறேன். சேலையைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருத்தமாக ஜாக்கெட் துணி எடுத்துக் கொடுப்பது தொழில். டியூப்லைட் வெளிச்சத்தில் அப்படியே பொருந்துகிற நிறம், தெருவுக்கு வந்தால் பல்லை இளிக்கும். அதனால் எந்தத் துணியையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்க்காமல் கத்தரி வைக்கமாட்டேன். மனிதர்கள் விஷயத்திலும் எனக்கு அதே புத்திதான். பஜாரில் என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்வார்கள். சொல்லட்டும், எனக்கென்ன.

சும்மா வந்த புத்தி இல்லை அது. என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்கப்பா யாரையும் விசாரிக்கவில்லை. பையன் மேகமலையில் ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசர், தங்கமான குணம் என்றார்கள். அப்பாவும் தங்கம் என்ற வார்த்தையிலேயே மயங்கிவிட்டார். கல்யாணம் ஆகி ஆறு மாதம் போவதற்குள், குமுளியில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு மலையாளத்துப் பெண்டாட்டியும் பிள்ளையும் இருப்பது தெரிந்தது. அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்து, கடைசி வரைக்கும் எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே இருந்து செத்துப்போனாள். டீக்கடையில் நின்று ஒரே ஒரு ஆளைக் கேட்டிருந்தால் போதும். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே என் மகளுக்கு வந்த ஒவ்வொரு வரனையும் நானே நேரில் போய் விசாரித்தேன். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லக்கூடாது. அந்தத் தெருவுக்குள் நேராகப் போய் நிற்கவும் கூடாது. டீக்கடை, சலூன், ரேஷன் கடை, தேய்ப்பு வண்டி, இப்படி எங்கேயாவது தற்செயலாக நிற்பது போல நின்று பேச்சுக் கொடுக்க வேண்டும். நல்ல வார்த்தை எத்தனை வந்தாலும் அதற்கு எடை கிடையாது. அக்கம்பக்கத்துக்காரன் நல்லதைத்தான் சொல்வான், அவனுக்கு என்ன நட்டம்? ஆனால் குறை என்று ஒன்று விழுந்துவிட்டால் விசாரணை அங்கேயே முடிந்தது. அதற்கு மேல் இன்னொரு ஆளைக் கேட்டால் மனசு குழம்பும். அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட வேண்டும்.

இப்படியே பல வரன்கள் போயின. ஒரு மாப்பிள்ளையின் அம்மா மூத்த மருமகளை அடித்து விரட்டியவள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். இன்னொருத்தன் குடித்துவிட்டுக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர் இருந்தார். ஒருத்தனைப் பற்றி மட்டும் யாருமே குறை சொல்லவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. அதையும் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

மகள் உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறாள். முப்பது தாண்டிவிட்டது. அவள் அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஜெனரல் வீட்டு வரன் வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பையன்கிட்ட போன்ல பேசியிருக்கேன். எனக்குப் பிடிச்சிருக்கு. இதையும் நீ கலைச்சின்னா, கல்யாணங்கற பேச்சையே இனிமே எங்கிட்ட எடுக்காத. சென்னையில ஒரு காலேஜுல கூப்புடுறாங்க. நான் போயிருவேன். திரும்பி வருவேன்னு நெனைக்காத."

"நல்ல எடம்னா நான் ஏன்டி கலைக்கப் போறேன்?" என்றேன்.

"நல்ல எடம்னு ஒண்ணு ஒனக்கு இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். விசாரிப்பதற்குச் சனிக்கிழமை மாதிரி வசதி கிடையாது. எள் விளக்குப் போடக் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் எந்த ஊரில் எந்தப் பெண்பிள்ளை நின்றாலும் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கையில் ஒரு பூஜைக் கூடை மட்டும் இருந்தால் போதும்.

சின்னமனூர் தாண்டி, கோயிலுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கினேன். வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக ஒரு டீக்கடை. பெஞ்சில் ஒரு பெரியவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கட்டம் போட்ட கைலி, தோளில் துண்டு, காலில் காயாத சேறு. வயலில் தண்ணீர் கட்டிவிட்டு வந்திருப்பார் போல. நான் எதிரில் உட்கார்ந்ததும் அவர் எழுந்து, தன் பெஞ்சைத் தூக்கித் திருப்பிப் போட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வெயில் இப்போது என் கண்ணில் அடித்தது. அவர் முகம் எனக்குக் கருப்பாகத்தான் தெரிந்தது. இது என்ன கோளாறு பிடித்த மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

"கோயிலுக்கா தாயி?"

"ஆமாய்யா. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போவோம்னு எறங்குனேன்."

"கோயில் வாசல்லயே டீக்கடை வரிசையா இருக்கே."

நாம் பொய் சொல்லும்போது குறுக்குக் கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. "அங்கன கூட்டமா இருக்கும்யா" என்று சமாளித்துவிட்டு, மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "இங்கன ஜெனரல் வீடுன்னு ஒண்ணு இருக்காமே?"

டீயை ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை அப்படியே நிறுத்தினார். பெரியவர் அவர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கடைக்காரர் மறுபடியும் ஆற்றத் தொடங்கினார். ஆகா, பேர் சொன்னாலே ஊர் நடுங்குகிற வீடாக்கும் என்று நான் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

"இருக்கு. என்ன வெசயம்?" என்றார் பெரியவர்.

"எங்க சொந்தத்துல ஒருத்தவக, அந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு யோசிக்கிறாக. வந்த எடத்துல கேட்டு வைப்போமேன்னு."

'எங்க சொந்தத்துல ஒருத்தவக' என்றால் தன் சொந்த மகள் என்பது எங்கள் பக்கத்துச் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். அவரும் நம்பாமலேயே தலையாட்டினார்.

"என்ன தெரியணும், கேளுங்க."

"மொதல்ல, அந்தப் பெரியவரு நெசமாவே ஜெனரலா?"

"இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏ.டி.எம். காவல்காரர் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்.

"ஏர்ஃபோர்ஸ்ல ஜெனரல் கெடையாது. ஏர் வைஸ் மார்ஷல்னு ஒரு பதவி. ஆர்மியில மேஜர் ஜெனரலுக்குச் சமம். ஊர்ல எவனுக்கும் அது வாயில நொழையல. ஜெனரல்னு வச்சுக்கிட்டாக. அவனும் திருத்தல."

"ஏன் திருத்தல? கேக்கப் பெருமையா இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்" என்று ஒப்புக்கொண்டார்.

'அவன்' என்று சொன்னது எனக்குப் பிடித்தது. கூடப் படித்தவராக இருக்கும், பங்காளியாகக்கூட இருக்கும். இப்படிப்பட்ட ஆளிடம்தான் உண்மை வரும். "சண்டையில ப்ளேன் ஓட்டுனது?" என்று கேட்டேன்.

"ஓட்டுனான். மெடலும் வாங்குனான்."

"அப்பப் பெரிய ஆளுதான்."

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். "தாயி, ப்ளேன் ஜோடியாத்தான் போகும். இவன் முதுக அவன் பாக்கணும், அவன் முதுக இவன் பாக்கணும். அதான் மொத வேலை. அன்னைக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷன்ல குண்டு போடப் போனாக. இவன் போட்டான். போட்டுட்டு, சரியா விழுந்துச்சான்னு கீழ எட்டிப் பாத்தான். நிமுந்தா, கூட வந்தவன் இல்ல. பின்னால வந்து அடிச்சுட்டாக. ஒத்தையாத் திரும்பி வந்தான். அதுக்குத்தான் அந்த மெடலு."

"ஏன் கீழ பாத்தாரு?"

"ஆசை. தான் போட்டது விழுகுறதப் பாக்குற ஆசை. பாக்கணும்னு அவசியமே இல்ல."

அவர் நிறுத்தவில்லை. கேட்காமலேயே மேலே சொன்னார். அந்த ஜெனரலின் ஒரே மகன் தானும் விமானம் ஓட்டப் போகிறேன் என்று நின்றானாம். போகக்கூடாது என்று இவர் மறித்தாராம். காரணம் சொல்லவில்லையாம். மகன் போகவில்லை. ஆனால் அதன் பிறகு சாகும் வரைக்கும் அப்பா என்று வாய் திறந்து கூப்பிடவில்லை. அந்த மகனுடைய பிள்ளைதான் இந்த மாட்டு டாக்டர். தாய் தகப்பன் இரண்டு பேரும் போன பிறகு தாத்தாவே வளர்த்திருக்கிறார்.

"அவரை நம்பி ஒரு பொண்ணக் குடுக்கலாமாய்யா?"

"அவன நம்பி ஒருத்தன் கூடப் போனான். திரும்பி வரல. எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும்."

"அந்தப் பேரன்?"

"பேரனப் பத்தி எங்கிட்ட கேக்காதீக. அத வேற ஆளுககிட்டத்தான் கேக்கணும்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? பேரனைப் பற்றி வாயைத் திறக்கவே பயப்படுகிறார் என்றால் அவன் என்ன லட்சணத்தில் இருப்பான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பெரியவர் எழுந்து, மரத்தடியில் நின்ற தன் டி.வி.எஸ். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முன் டயரைக் கையால் அமுக்கினார், பின் டயரை அமுக்கினார், குனிந்து அடியில் பார்த்தார், ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். அதன் பிறகுதான் ஏறி உட்கார்ந்தார். வண்டிக்குத் தகடு கிகடு மந்திரித்து வைத்திருக்கிறாரோ, கேரளா பக்கத்திலேயே இருக்கிறதே என்று ஒரு கணம் அதிலும் சந்தேகம் வந்தது. டீக்கடைக்காரர் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தேனி பஸ் வந்துவிட்டது. கை காட்டி ஏறிவிட்டேன். கோயிலுக்குப் போகவில்லை.

அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூட வந்தவனைச் சாகக் கொடுத்துவிட்டு மெடல் வாங்கினவர், பெற்ற மகனே முகம் கொடுத்துப் பேசாத மனுசன், அந்த வீடு நமக்கு வேண்டாம் என்றேன். "யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

"டீக்கடையில ஒரு பெரியவரு. நல்லா உள்ள வெளிய தெரிஞ்ச ஆளு."

"வேற யாரக் கேட்ட?"

"ஒருத்தர் சொன்னாப் பத்தாதா?"

"பையனப் பத்தி என்ன சொன்னாரு?"

"சொல்ல மாட்டேன்னுட்டாரு. அதுலயே தெரியலையா?"

அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழவில்லை. பரணில் இருந்த பெட்டியை எடுத்துத் துடைத்து, கட்டிலுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் நான் தரகருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னேன். காரணம் கேட்டதற்கு, தாத்தா சரியில்லை என்றேன். அதற்குப் பிறகு வீட்டில் என்னோடு அவளுக்குப் பேச்சே இல்லை. கேட்டதற்குப் பதில் வரும், அவ்வளவுதான். சென்னைக் கல்லூரியிலிருந்து போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவாள். என்ன பேசுகிறாள் என்று படிக்கட்டில் நின்று ஒட்டுக் கேட்டிருக்கிறேன். ஜூனில் சேர்கிறேன் என்றாள் ஒரு நாள். நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லச் சொல்லத்தான் பயம் கூடியது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம், பஜாரில் கூட்டம் ஓய்ந்திருந்தது. கடை வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். இஸ்திரி போட்ட கால்சட்டை, வெள்ளைச் சட்டை, மினுக்குகிற ஷூ. மேட்சிங் சென்டருக்கு ஆம்பிளைகள் தனியாக வருவது அபூர்வம். வந்தால் வீட்டுக்காரி கொடுத்துவிட்ட சேலையோடு வருவார்கள். இவர் கை வீசிக்கொண்டு நின்றார். தெரு வெளிச்சம் அவருக்குப் பின்னால் இருந்தது. வரி ஆபீஸ் ஆளோ என்று நினைத்து நான் கல்லாவை விட்டு எழுந்தேன்.

"கோயிலுக்குப் போனீகளா தாயி, இல்ல அப்படியே பஸ் ஏறிட்டீகளா?"

குரல்தான் முதலில் பிடிபட்டது. ஆனாலும் நான் நம்பவில்லை. "கொஞ்சம் வாசலுக்கு வாங்க" என்று அவரைத் தெருவுக்கு அழைத்துப்போய், வெயிலில் நிறுத்தி முகத்தைப் பார்த்தேன். அதே ஆள்தான். கைலியும் சேறும்தான் இல்லை.

"நீங்களா அந்த ஜெனரலு?"

"ஜெனரல் இல்லன்னு அன்னைக்கே சொன்னேனே."

எனக்கு வந்ததே கோபம். பஜார் என்றும் பார்க்கவில்லை. "ஏய்யா, வயசுக்குத் தக்க பேச்சா இது? ஒரு பொம்பள ஊரு விட்டு ஊரு வந்து கேக்குறா. நாந்தான் அந்த ஆளுன்னு ஒரு வார்த்த சொன்னா வாயில இருக்குற முத்து உதுந்துருமா? அந்த டீக்கடைக்காரனும் ஒங்களுக்குக் கூட்டு!"

"அவனத் திட்டாதீக. நாந்தான் கண்ணக் காட்டுனேன். நாந்தான்னு சொல்லிருந்தா, நீங்க ரொம்ப சந்தோசம்னு ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிருப்பீக. கேக்க வந்ததக் கேட்டுருக்க மாட்டீக."

அது உண்மைதான். ஆனால் அதற்குள் எனக்கு வேறு ஒன்று தோன்றிவிட்டது. பளிச்சென்று தோன்றியது, விளக்குப் போட்ட மாதிரி. "தெரியுதுய்யா, இப்பத் தெரியுது. கடை வச்சுப் பொழைக்கிற பொம்பள, அப்பன் இல்லாத புள்ள, இந்தச் சம்பந்தம் வேணாம்னு நெனச்சிருக்கீக. ஒங்க வாயால வேணாம்னு சொன்னா மரியாதையா இருக்காது. அதனால ஒங்களையே கொற சொல்லி, எங்க வாயால வேணாம்னு சொல்ல வச்சுட்டீக. சரிதானே?"

"எங்க படையில ஒங்கள மாதிரி ஆளு ரெண்டு பேரு இருந்திருக்கணும்" என்றார். கேலியா பாராட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்.

"எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு தாயி. பறந்துட்டுத் தரையில எறங்குனதும் எல்லாரும் ஒரு ரூமுக்குள்ள உக்காரணும். டீப்ரீஃப்னு சொல்வோம். அங்கன பெரிய அதிகாரி, சின்னப் பையங்கற பேதமே கெடையாது. அவனவன் செஞ்ச தப்ப அவனவனே எந்திரிச்சு மொதல்ல சொல்லிரணும். சாக்குப் போக்கு சொல்லக் கூடாது. தன்னப் பத்தி நல்லதச் சொல்லவே கூடாது. நல்லது இருந்தா அத அடுத்தவன் சொல்லுவான். நாப்பது வருசம் அப்படியே பழகிருச்சு, ஏறுறதுக்கு முந்தி வண்டியச் சுத்திப் பாக்குறதும் வெயிலுக்கு முதுகு காட்டி உக்காருறதும் மாதிரி. நீங்க வந்து விசாரிச்சீக. ஏந் தப்ப நாஞ் சொன்னேன். நல்லது ஏதாச்சும் இருந்தா அடுத்த ஆளு சொல்லட்டும்னு விட்டேன். பேரன் பேச்சுக்கும் அதான். வளத்தவன் நான், நானே எப்படிச் சொல்றது? நீங்க சலூன்ல கேப்பீக, ரேஷன் கடையில கேப்பீகன்னு நெனச்சேன். மொத ஆளோட பஸ் ஏறிட்டீக."

எங்கள் முறையில் குறையோடு விசாரணை முடிந்துவிடும். இவர்கள் முறையில் குறையிலிருந்துதான் தொடங்குமாம். இப்படி ஒன்று இருக்கும் என்று யார் கண்டது?

"அந்தக் கூடப் போன ஆளு?" என்று கேட்டேன். "அதாச்சும் நெசமா?"

"நெசம். படம் ஒண்ணுகூட மாட்டலையேன்னு தரகர்கிட்ட கேட்டீகளாம். இருக்குற படத்துல எல்லாம் அவனும் பக்கத்துல நிக்கிறான். நான் எப்படி மாட்டுவேன்?"

அதைச் சொல்லும்போது அவர் குரலில் மாற்றம் ஒன்றும் இல்லை. ஷூவில் படிந்த தூசியைக் குனிந்து தட்டிக்கொண்டார். ஆனாலும் என் புத்தி என்னை விடுமா? "சரிய்யா. இப்ப எதுக்கு வந்தீக?" என்றேன்.

"விசாரிக்க."

"யார?"

"ஒங்களத்தான். பொண்ணு வீட்டப் பத்தி நாங்களும் கேக்கணும்ல?"

"யாரக் கேட்டீக?" குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"நேத்தே வந்து எதுத்த செருப்புக் கடையில மொதல்ல கேட்டேன். சண்டைக்காரின்னாரு."

"அந்தாளு சொல்லுவான். வாசல்ல அட்டைப் பெட்டியப் போடாதன்னு சொன்னதுக்கு."

"அடுத்து ஏ.டி.எம். வாசல்ல ஒரு சிப்பாய். ஒங்களப் பத்தி ஒரு வார்த்த அவருகிட்ட இருந்து வாங்க முடியல. எதுக்குக் கேக்குறீக, எந்த யூனிட்டு, அடையாள அட்டை எங்கன்னு என்னையப் போட்டுக் கொடஞ்சு எடுத்துட்டாரு." முதல் தடவையாகச் சிரித்தார். "மூணாவதா ஒருத்தரக் கேட்டேன். இன்னைக்குக் காலையில உத்தமபாளையம் போயி, காலேஜ் வாசல்ல நின்னு."

வாசலில் ஒரு பெண் மாம்பழ நிறச் சேலையை நீட்டி மேட்சிங் கேட்டாள். அப்புறம் வாம்மா என்று அனுப்பினேன். வெள்ளிக்கிழமையில் நான் வியாபாரத்தைத் திருப்பி அனுப்பியது அதுதான் முதல் தடவை.

"எம் மக என்ன சொன்னா?"

அவர் தன் வழக்கப்படியே, குறைக்காமல் கூட்டாமல் சொன்னார். "'எங்கம்மாவ நீங்க கண்ண மூடிக்கிட்டு நம்பலாம். யாருக்கும் ஒரு துரோகம் நெனைக்க மாட்டா. என்ன, அவ என்னையத்தான் நம்பமாட்டா'ன்னுச்சு."

எத்தனை ஊர் போயிருக்கிறேன். போடி, கம்பம், கூடலூர், எத்தனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யார் யாரிடமோ கேட்டிருக்கிறேன். என் மகளிடம் அந்தப் பையன்களில் ஒருத்தனைப் பற்றியாவது நீ என்னடி நினைக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கு என்ன தெரியும் என்றுதான் நினைத்திருக்கிறேன். எங்கக்காவுக்கு ஒன்றும் தெரியாமல் போனதால் இவளுக்கும் தெரியாது என்று நானாக முடிவு கட்டிவிட்டேன்.

பெரியவர் எழுந்துவிட்டார். "ஏங் கணக்கு வேற, அந்தப் பய கணக்கு வேற தாயி. அத இதுல கூட்டாதீக. இதச் சொல்லத்தான் வந்தேன்."

"இருங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன். வகுப்பு நேரம்தான். ஆனாலும் எடுத்தாள். என்னம்மா என்றாள், எரிச்சலோடு.

"அந்தப் பையன நீ நம்புறியாடி?"

அந்தப் பக்கம் யாரோ பிள்ளைகள் வராந்தாவில் ஓடுவது மட்டும் கேட்டது. நம்புகிறேன் என்று அவள் பட்டென்று சொல்லியிருந்தால், என் குணத்துக்கு, அதிலும் ஏதாவது ஓட்டை தேடியிருப்பேன்.

"தெரியலம்மா" என்றாள். "பேசுன வரைக்கும் நல்லவனாத் தெரியுது. மிச்சம் போய்த்தான் பாக்கணும். தப்பாப் போச்சுன்னா ஒங்கிட்ட வந்து நானே சொல்றேன்."

"எங்கிட்ட வந்து சொல்லுவியா?"

"வேற யாருகிட்டம்மா சொல்லுவேன்?"

போனை வைத்துவிட்டு, பெரியவரை மறுபடியும் உட்காரச் சொன்னேன். பக்கத்துக் கடைக்கு இரண்டு டீ சொல்லிவிட்டு, காலண்டரை எடுத்து வைகாசியில் கல்யாணத்துக்கு நாள் பார்க்க ஆரம்பித்தோம்.